வகையறிந்து வாசித்தல்

(ஊராட்சிப் பணியாளர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினி ஆவணங்களில் வகை என்பது யாது, ஒரு வகைக்கு மற்றொன்று எப்போது ஈடாக நிற்கலாம், அவ்வாறு நின்றதைக் கணக்கெடுக்கும் நிரல் எவ்வாறு அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைக் கேட்டவுடன் இது நகரத்துப் பொறியாளர்களின் விவகாரம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆதலின் ஓர் ஊருணியின் கதையிலிருந்து தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தென் மாவட்டம் ஒன்றில், நீர்நிலைப் பதிவேடுகளைக் கணினியில் தொகுக்கும் பணியில் நாங்கள் ஈடுபட்டிருந்தோம். மழைக்கு முன் தூர் வாரவேண்டிய நீர்நிலைகளின் பட்டியலை அப்பதிவேடுகளிலிருந்து எடுத்துக் கொடுப்பது எங்கள் குழுவின் பொறுப்பு. பட்டியல் அச்சாகி, கிராம சபைக் கூட்டம் ஒன்றில் வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்ததும் மூதாட்டியார் ஒருவர் எழுந்து, "எங்க ஊருணி பேரு வரலையே, ஐயா?" என்று கேட்டார். கணினியில் எடுத்த பட்டியல் அம்மா, தவறு இராது என்று அவருக்கு விடை கூறப்பட்டது. அவர் உட்காரவில்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது ஊருணி அங்கே இருந்தது. சர்வே எண் இருந்தது, பரப்பு இருந்தது, கடைசியாகப் பார்வையிட்ட நாளும் இருந்தது. ஆவணம் சரிபார்க்கும் கருவியில் தேறியிருந்தது. ஒரு பிழையும் காட்டப்படவில்லை. ஆயினும் பட்டியலில் அந்த ஊருணி மட்டுமன்று, எந்த ஊருணியுமே இல்லை. திருத்திய பட்டியல் ஒப்புதல் பெற்று வருவதற்குள் மழை தொடங்கிவிட்டது. அவ்வாண்டு அந்த ஊருணி தூர் வாரப்படவில்லை.

பதிவு செய்தவர் பிழை செய்யவில்லை. பிழை எங்கள் நிரலில் இருந்தது. அது எத்தகைய பிழை என்பதை விளக்கவே இவ்வளவு நேரமும் உங்களிடம் கேட்டுப் பெற்றிருக்கிறோம்.

சந்தைக்குப் போகும் மூட்டைகளில், இது நெல், இது துவரை என்று சீட்டுக் கட்டி அனுப்புவது வழக்கம். குறியீட்டு ஆவணம் என்பதும் அத்தகையதே. ஒவ்வொரு செய்தியின் முன்னும் பின்னும் ஒரு குறிச்சொல் நிற்கும். அது இன்ன செய்தி என்று அச்சொல் கூறும். இவ்வாறு குறிச்சொற்களுக்கு இடையே அடங்கியதை உறுப்பு என்கிறோம். இதற்கான பொது விதிகளை வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் என்னும் அமைப்பு எக்ஸ்.எம்.எல். என்ற பெயரில் 1998 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்டது. அதன் முதற்பதிப்பிலேயே குறிச்சொற்களைத் தமிழ் எழுத்துக்களில் எழுத இடமுண்டு. கிணறு என்பதைக் கிணறு என்றே எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதினால்தான் கணினி ஏற்கும் என்று பலர் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பதால் இதனைச் சொல்லிவைக்கிறோம்.

சீட்டு ஒட்டினால் மட்டும் போதுமா? எந்தச் சீட்டுக்குப்பின் எது வரவேண்டும், எது கட்டாயம், எதற்கு எண், எதற்குத் தேதி என்ற சட்டமும் வேண்டும். டி.டி.டி. என்னும் பழைய முறையில் வரிசையைத்தான் கட்டுப்படுத்த முடிந்தது. உறுப்பினுள் எழுதியது எண்ணா, தேதியா என்று கேட்கும் வழி அதில் இல்லை; ஆழம் என்ற இடத்தில் "நிறைய" என்று எழுதினாலும் அது வாய்திறவாது. இக்குறையை நீக்க 2001 ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா வெளிவந்தது. ஸ்கீமா என்றால் படிவத்தின் சட்டம் என்று கொள்ளலாம். எண், தேதி, எழுத்து முதலிய 19 மூலவகைகளை அது தானே தந்தது. அவற்றைவிட முக்கியமாக, நாமே புதிய வகைகளை வகுக்கவும், ஒரு வகையிலிருந்து மற்றொன்றைப் பிறப்பிக்கவும் அது வழிசெய்தது. பிறந்ததைச் சேய்வகை என்றும், பிறப்பித்ததைத் தாய்வகை என்றும் அழைப்போம்.

இதன் பயனை உணரவேண்டுமானால் நம் அச்சுப் படிவங்களின் கடைசிக் கலத்தை நினைத்துப் பாருங்கள். "இதர" என்று ஒரு கலம் இருக்கும். படிவம் எழுதியவர் நினையாதவை யாவும் அங்கே போய்ச் சேரும். கிணறு, ஏரி என்று கலமிட்டவர் ஊருணியை நினைக்கவில்லையானால், ஊருணி "இதர" ஆகிவிடும். அதன் கரை, படித்துறை, வரத்துக் கால்வாய் பற்றிய செய்திகளுக்கு இடமே இராது. கூட்டல் போடும்போதும் "இதர" என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஸ்கீமாவோ வேறு விதமாகச் செய்கிறது. நீராதாரம் என்று பொதுவான ஒரு தாய்வகையை வைத்து, பெயர், சர்வே எண், பார்வையிட்ட நாள் ஆகிய மூன்றையும் அதில் கேட்கிறது. பிறகு, "இவ்விடத்தில் நீராதாரம் ஒன்று வரவேண்டும்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அங்கே எந்தச் சேய்வகையும் வந்து நிற்கலாம். இன்று இல்லாத சேய்வகை நாளை பிறந்தாலும் அதற்கும் அவ்விடம் உண்டு.

ஈடு என்பது நம் ஊர்களுக்குப் புதிதன்று. குடிமராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்றால், தகப்பனுக்கு உடல்நலமில்லாதபோது மகன் மண்வெட்டியுடன் வருவான். அவன் அந்த வேலையைச் செய்யக்கூடியவனா என்பதே கேள்வி. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பதில் ஆள் என்று எவரும் ஏற்கமாட்டார். ஸ்கீமாவின் நியதியும் இதுவே. ஈடாக வருவது தாய்வகையிலிருந்து முறையாகப் பிறந்ததாக இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்க முடியாது.

பிறக்கும் வழிகள் இரண்டு. ஒன்று விரித்தல். தாய்வகை கேட்டதையெல்லாம் கேட்டுவிட்டு, அதன் பின்னே புதியனவற்றைச் சேர்ப்பது. கிணறு என்னும் சேய்வகை ஆழத்தையும், ஏரி என்னும் சேய்வகை பரப்பையும் மதகுகளின் எண்ணிக்கையையும் கூடுதலாகக் கேட்கும். புதிய வினாக்கள் பழையவற்றுக்குப் பின்னர்தான் வரவேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். இடையில் செருக முடியாது. மற்றொன்று இறுக்குதல். புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. இருக்கும் விதியையே கடுமையாக்குவது. கிணறு என்பதில் குளோரின் இட்ட நாளை எழுதினால் எழுதலாம், விட்டால் விடலாம் என்று இருக்கட்டும். குடிநீர்க் கிணறு என்னும் சேய்வகையில் அந்நாளைக் கட்டாயம் எழுதியே தீரவேண்டும் என்று வைத்தால் அது இறுக்குதல். இறுக்கிய வகைக்குப் பொருந்தும் எதுவும் தாய்வகைக்கும் பொருந்தும். விரித்த வகைக்கு அவ்வாறு சொல்ல முடியாது. கூடுதலான செய்திகள் இருப்பதால், தான் இன்ன வகை என்பதை அது எவ்வாறேனும் அறிவித்தாக வேண்டும்.

அறிவிக்கும் முறைகளும் இரண்டே. குறிச்சொல்லை நீராதாரம் என்றே வைத்துக்கொண்டு, அதன் மேல் "எக்ஸ்.எஸ்.ஐ. டைப்" என்னும் பண்பை எழுதி, "யான் ஏரி வகை" என்று நெற்றியில் பட்டம் கட்டிக்கொள்வது ஒரு முறை. குறிச்சொல்லையே ஏரி என்று மாற்றிவிட்டு, ஏரி என்னும் உறுப்பு நீராதாரம் என்னும் தலைமை உறுப்புக்கு ஈடாகும் என்று ஸ்கீமாவில் எழுதிவைப்பது மற்றொரு முறை. இரண்டாவதை ஈட்டுக் குழு என்பர். வாசிப்பவர் கண்ணுக்கு இரண்டாவதே தெளிவானது என்பது நமது கருத்து. நெற்றிப் பட்டத்தைக் கவனியாமல் போவது எளிது. குறிச்சொல்லைக் கவனியாமல் போவது அரிது.

ஈட்டுக் குழுவை உலகெங்கும் பெரிதும் பயன்படுத்துவோர் நிலவரைபடக்காரர்கள். ஓப்பன் ஜியோஸ்பேஷியல் கன்சார்ட்டியம் என்னும் அமைப்பு ஜி.எம்.எல். என்ற நிலவியல் குறியீட்டு மொழியை 2000 ஆம் ஆண்டு முதல் வளர்த்து வருகிறது, அதன் 3.2.1 ஆம் பதிப்பு 2007 இல் ஐ.எஸ்.ஓ. 19136 என்னும் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. சாலை, பாலம், வாய்க்கால் என்று எந்தெந்த நாட்டார் எவற்றையெல்லாம் வரைபடத்தில் குறிக்கப்போகிறார்கள் என்பதை அதை எழுதியவர்கள் எவ்வாறு முன்னறிய முடியும்? ஆதலின் "அப்ஸ்ட்ராக்ட் ஃபீச்சர்" என்னும் ஒரு தலைமை உறுப்பை வைத்து, அவரவர் பொருளை அவரவர் இதற்கு ஈடாக வகுத்துக்கொள்க என்று விட்டுவிட்டார்கள். வடிவங்களுக்கும் இவ்வாறே "அப்ஸ்ட்ராக்ட் ஜியோமெட்ரி" என்று ஒரு தலைமை உறுப்பு உண்டு. அதன்கீழ்ப் பரப்பு, பரப்பின்கீழ்ப் பலகோணம் எனப் படிப்படியாக ஈடு இறங்கிச் செல்லும். பலகோணம் பரப்புக்கு ஈடு. பரப்பு வடிவத்துக்கு ஈடு. ஆதலின் பலகோணம் வடிவத்துக்கும் ஈடு. தலைமை உறுப்புக்களை அருவ உறுப்புக்கள் என்று அறிவித்திருப்பதால் அவை தாமே ஆவணத்தில் தோன்ற முடியாது. அவற்றின் சேய்களே தோன்றும். வெறும் "வடிவம்" என்று எழுதிவிட்டு ஒருவர் தப்பித்துக்கொள்ள முடியாது; புள்ளியா, கோடா, பலகோணமா என்று சொல்லியே ஆகவேண்டும்.

கணக்கர்களும் இதனைக் கையாளுகிறார்கள். நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கைக்கான எக்ஸ்.பி.ஆர்.எல். மொழியில், ஐந்தொகையில் வரும் ஒவ்வோர் இனமும் "ஐட்டம்" என்னும் ஒரு தலைமை உறுப்புக்கு ஈடாகவே வகுக்கப்படுகிறது. இந்தியாவிலும் 2010–11 நிதியாண்டின் கணக்குகள் தொடங்கிக் குறிப்பிட்ட சில தரத்து நிறுவனங்கள் இம்மொழியில் அறிக்கை அளிக்கவேண்டும் என்று மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகம் விதித்தது.

இப்போது எங்கள் ஊருணிக்குத் திரும்புவோம். பதிவேட்டின் ஸ்கீமா முதலில் வகுக்கப்பட்டபோது அதில் கிணறு, ஆழ்துளைக்கிணறு, ஏரி ஆகிய மூன்றே இருந்தன. பின்னர் வேறொரு குழுவினர் ஊருணியையும் நீராதாரத்தின் சேய்வகையாக, ஈட்டுக் குழுவில் முறைப்படி சேர்த்தார்கள். நீராதாரம் வரவேண்டிய இடத்தில் ஊருணி வரலாம் என்பதால் ஆவணங்கள் யாவும் சரிபார்ப்பில் தேறின. ஆனால் எங்கள் நிரலோ, "கிணறு, ஆழ்துளைக்கிணறு, ஏரி ஆகியவற்றை எடு" என்று பெயர்சொல்லிக் கேட்டது. பெயர் சொல்லாத ஊருணியை அது எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதை எங்களுக்குச் சொல்லவும் இல்லை. கேட்டவற்றை ஒழுங்காகத் தந்துவிட்டு அமைதியாக நின்றுவிட்டது. நிரல் இடையில் முறிந்து நின்றிருந்தால் அன்றே கவனித்திருப்போம். கூட்டல் குறைந்த பட்டியல் கூட்டல் சரியான பட்டியலைப்போலவே அச்சாகி வந்தது.

கேட்கவேண்டியது வகையையே. 2007 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த எக்ஸ்பாத் 2.0, எக்ஸ்.எஸ்.எல்.டி. 2.0, எக்ஸ்குவரி 1.0 ஆகிய மொழிகளில் இதற்கு வழியுண்டு. "ஸ்கீமா எலிமெண்ட்" என்ற சொல்லோடு நீராதாரம் என்று எழுதினால், நீராதாரத்தையும் அதன் ஈட்டுக் குழுவில் உள்ள எல்லா உறுப்புக்களையும் அது குறிக்கும். குறிச்சொல் எதுவாயினும் சரி, இன்ன வகையும் அதன் சேய்வகைகளும் வேண்டும் என்று கேட்கவும் தனி வடிவம் இருக்கிறது. எங்கள் நிரலில் திருத்தம் ஒரே ஒரு வரிதான். நாளை தடுப்பணையைச் சேர்த்தாலும் அவ்வரியை மாற்றவேண்டுவதில்லை. புதிய ஸ்கீமாவை நிரலுக்குக் காட்டி, ஆவணத்தை அதன்படி சரிபார்த்து உள்ளே அனுப்பினால் போதும்.

அந்தக் கடைசி நிபந்தனையை அழுத்திச் சொல்கிறோம். சரிபார்க்கும் கருவி "தேறியது, தேறவில்லை" என்று மட்டும் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது செய்யும் பெரிய வேலை, ஒவ்வோர் உறுப்பின் மேலும் இன்ன வகை என்று குறித்து அடுத்தவரிடம் ஒப்படைப்பதாகும். சரிபார்க்காத ஆவணத்தில் எல்லாம் வகையறியாத வெறும் எழுத்தே. அப்படிப்பட்ட ஆவணத்தில் கிணறுகளை ஆழப்படி வரிசைப்படுத்தச் சொன்னால், 10 மீட்டர் கிணறு முதலிலும் 9 மீட்டர் கிணறு அதற்குப் பின்னும் வரக் கண்டிருக்கிறோம். எழுத்தென்று பார்த்தால் ஒன்று என்ற குறி ஒன்பது என்ற குறிக்கு முந்தியதன்றோ? எண் வகை என்று குறிக்கப்பட்டிருந்தால் இந்தக் கூத்து நேராது.

இன்னுமொரு பள்ளம் இருக்கிறது. அதிலும் நாங்கள் விழுந்து எழுந்தவர்களே. வகையறியாத நிரலை வைத்துக்கொண்டு, நெற்றிப் பட்டத்தை வெறும் எழுத்தாகப் படித்து, "பட்டத்தில் ஏரி என்று இருக்கிறதா" என்று ஒப்பிடுவது வழக்கமான குறுக்குவழி. பட்டத்தில் எழுதுவது வெறும் பெயரன்று. பெரும்பாலும் அதற்கு முன்னே ஒரு முன்னொட்டு இருக்கும். ஊர் இனிஷியல் போன்ற அந்த முன்னொட்டை ஒவ்வோர் ஆவணமும் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். ஒரு வட்டத்தார் "நீ" என்று வைத்தார்கள். அடுத்த வட்டத்தார் "நிலை" என்று வைத்தார்கள். இரண்டும் ஒரே பெயர்வெளியைச் சுட்டுவன. பொருளில் ஒரு வேற்றுமையும் இல்லை. எழுத்தை ஒப்பிட்ட நிரலோ இரண்டாவது வட்டத்து ஏரிகளை ஏரிகளே அல்ல என்று தள்ளிவிட்டது. அன்றியும், குடிநீர்க் கிணறு என்று பட்டம் கட்டியது கிணற்றின் சேய்வகை என்பதை எழுத்து ஒப்பீட்டினால் எப்படி அறியமுடியும்?

ஈட்டுக்கு எல்லையும் வேண்டும் அல்லவா? எல்லா இடத்திலும் எவரும் புதுவகை நுழைக்கலாம் என்றால் பணப்பட்டுவாடா போன்ற இடங்களில் அது தொல்லை தரும். அதற்காக ஸ்கீமாவில் "ஃபைனல்" என்றும் "பிளாக்" என்றும் இரு தாழ்ப்பாள்கள் உள்ளன. முன்னது ஒரு வகையிலிருந்து மேலும் சேய்வகை பிறப்பதைத் தடுக்கும். பின்னது பிறந்த சேய்வகை ஆவணத்தில் ஈடாக வந்து நிற்பதைத் தடுக்கும். இரண்டையும் விரித்தலுக்கு மட்டும், அல்லது இறுக்குதலுக்கு மட்டும் என்று பிரித்தும் போடலாம். நம் அனுபவத்தில் இவற்றை எவரும் போடுவதில்லை. சிக்கல் வந்தபின்தான் தேடுகிறார்கள்.

செலவைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுவோம். மேற்கூறிய மொழிகளின் விதிகளே வகையறிந்து கையாளுதலை எல்லாக் கருவிக்கும் கட்டாயமாக்கவில்லை. எக்ஸ்.எஸ்.எல்.டி. 2.0 விதிநூல் சாதாரணக் கருவி, ஸ்கீமா அறிந்த கருவி என்று இரு தரங்களை வகுத்திருக்கிறது. அந்நூலின் பதிப்பாசிரியரான மைக்கேல் கே அவர்களே உருவாக்கிய சாக்சன் என்னும் கருவியில், விலையின்றிக் கிடைக்கும் எச்.இ. பதிப்பு ஸ்கீமாவை அறியாது. விலைகொடுத்து வாங்கும் இ.இ. பதிப்பே அறியும். ஓர் ஒன்றிய அலுவலகம் இதை வாங்கியே தீரவேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். வாங்க இயலாதார் இரண்டு காரியம் செய்யலாம். ஸ்கீமாவும் ஓர் எக்ஸ்.எம்.எல். ஆவணமே ஆதலின், நீராதாரத்துக்கு ஈடான உறுப்புக்களின் பெயர்களை அதிலிருந்தே ஒரு சிறு நிரலால் எடுத்துப் பட்டியலாக்கிக் கொள்ளலாம். கையால் எழுதிய பட்டியல் பழசாவதுபோல அது பழசாகாது. ஈட்டின் ஈடுகளையும் விடாமல் கடைசிவரை இறங்கிப் பார்க்கவேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். மற்றது, பெயரறியாத உறுப்பு எது வந்தாலும் உரக்கச் செய்தி எழுதிவிட்டு நிரலை நிறுத்தும் ஒரு விதியைக் கடைசியில் சேர்ப்பது. இவ்விரண்டாவது விதி எங்கள் நிரலில் அன்று இருந்திருந்தால், பட்டியல் அச்சாகுமுன்பே அது நின்றிருக்கும்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஊருணிகள் யாவும் வந்தன. அதே கூட்டத்தில் அதே மூதாட்டியார் தம் ஊருணியின் பெயரைக் கேட்டுவிட்டு, வரத்துக் கால்வாயின் பெயர் ஏன் வரவில்லை என்று வினவினார். கால்வாய்க்கு வகையே வகுக்காமல் இருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதனை வகுத்த ஸ்கீமாவும், வகுக்காத பழைய ஸ்கீமாவும் உங்கள் மேசைமேல் உள்ள கணினிகளில் இருக்கின்றன. சிற்றுண்டிக்குப் பின் இரண்டையும் திறந்து பார்ப்போம்; வினாக்களை அப்போது கேளுங்கள்.